பழைய காருக்குள் தண்ணீர் வந்தால் எங்கே பார்ப்பது?

பழைய கார் வைத்திருப்பவர் கையில் இருக்கக் கூடாத பொருள் எது என்று கேட்டால், சிலிக்கான் ட்யூப் என்றுதான் சொல்வேன். கால் வைக்கும் இடம் நனைந்திருப்பதைக் கண்டவுடன் கண்ணாடி ஓரத்தில் ஒரு பூச்சு, கதவு ரப்பர் ஓரத்தில் ஒரு பூச்சு, பின்விளக்கைச் சுற்றி ஒரு பூச்சு. அடுத்த மழையிலும் தரை நனைகிறது. இப்போது கூடுதலாக, தண்ணீர் வெளியேறுவதற்கு இருந்த துளைகள் சிலவும் அடைபட்டுவிட்டன.

காரை நீர் புகாத பெட்டி என்று நினைப்பதால் வரும் வினை இது. கதவுக் கண்ணாடியின் வெளிப்புற ரப்பரைத் தாண்டி மழைநீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும்; புதுக் காரிலும் இறங்கும். சன்ரூஃப் ரப்பரும் நீரை முழுவதும் தடுப்பதில்லை, அதற்காகவே அதன் சட்டத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடுகிறது. முன்கண்ணாடியில் வழியும் மழை வைப்பருக்கு அடியிலுள்ள பள்ளத்தில் விழுகிறது. ஏசி ஓடும்போது கூலிங் காயிலில் நீர் கோத்துச் சொட்டுகிறது. இவை எல்லாவற்றுக்கும் வடிகால் வைத்துத்தான் காரைச் செய்கிறார்கள். வருடங்கள் போகப் போகச் சருகும் தூசியும் அந்த வடிகால்களில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஆகவே பத்துப் பதினைந்து வயதான காரில் ஈரம் கண்டால், புதிதாக எங்கே ஓட்டை விழுந்தது என்று நான் தேடுவதில்லை. எந்த வடிகால் அடைத்திருக்கிறது என்று பார்க்கிறேன். என்னுடையது சன்ரூஃப் வைத்த பெட்ரோல் செடான். வயது இருபதைத் தாண்டிவிட்டது. மேலே சொன்ன நான்கு வழிகளிலும் அது எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறது.

எந்தத் தண்ணீர்?

மிதியடியை எடுத்துவிட்டு வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஈரத்தின் மேல் அழுத்துங்கள். நிறமும் பிசுபிசுப்பும் இல்லையென்றால் மழைநீர் அல்லது ஏசி நீர். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று ஏதாவது சாயம் ஏறி, விரலில் வழவழப்பாக இருந்து, இனிப்பு வாடை அடித்தால் அது கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயில் கசிகிறது என்று பொருள். அந்தக் கசிவு இருக்கும் காரில் முன்கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல மங்கும், துடைத்தாலும் திரும்ப வரும். கூலண்டை நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லும் ஆட்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. தரையில் சிந்தியதையும் உடனே கழுவிவிடுங்கள், நாயும் பூனையும் இனிப்பென்று நக்கிவிடும்.

அடுத்ததாக, எப்போது நனைகிறது என்று கவனியுங்கள். வெயில் நாளில் ஏசி போட்டு ஓட்டியபின் நனைந்தால் ஏசி வடிகால். நிறுத்தியிருக்கும்போது பெய்த மழையில் நனைந்தால் சன்ரூஃப் அல்லது முன்கண்ணாடிப் பள்ளம். மழையில் ஓட்டும்போது மட்டும் நனைந்தால் சக்கரம் வாரியடிக்கும் நீர் அடித்தகட்டிலுள்ள ரப்பர் மூடிகள் வழியாகவோ, கம்பிக் கற்றைகள் உள்ளே நுழையும் ரப்பர் வளையங்கள் வழியாகவோ வருகிறது. எந்த மூலை நனைகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கார் நிற்கும் தரையின் சரிவைப் பொறுத்து ஒரே கசிவு இன்று முன்னாலும் நாளை பின்னாலும் தேங்கும்.

வடிகால்கள் ஒவ்வொன்றாக

ஏசி வடிகால் எளிது, அதை முதலில் முடித்துவிடலாம். திறந்த வெளியில் காரை நிறுத்தி ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். காற்றில் ஈரப்பதம் உள்ள நாளில் அடியில் நீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லை, ஆனால் முன் இருக்கைக்குக் கீழே ஈரம் என்றால் குழாய் அடைத்திருக்கிறது. என்ஜின் அறைக்கும் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகட்டின் கீழ்ப்பகுதியில் குட்டையான ரப்பர் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். என்ஜினை அணைத்து, கார் அடியில் ஜாக் ஸ்டாண்ட் வைத்த பிறகு, அதில் மெல்லிய நைலான் இழையை மெதுவாகச் செலுத்துங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், கூலிங் காயில் மெல்லிய அலுமினியத்தால் ஆனது. குத்திவிட்டால் வாயு போய்விடும், செலவு பல மடங்காகும். முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். தேங்கிய அழுக்கு நீர் சொல்லிவிட்டு வராது.

முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள பள்ளம்தான் பழைய கார்களின் முதல் குற்றவாளி. வைப்பர்களின் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு அவற்றைக் கழற்றுங்கள். அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகள் வயதானவை, பிடுங்கினால் உடையும். வெந்நீர் ஊற்றிச் சற்று இளக்கிக்கொண்டால் பாதியாவது தப்பும். மாற்றுக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். மூடியை எடுத்தால் மக்கிய இலைகள் தேயிலைச் சக்கைபோலக் கறுத்துக் கிடக்கும். கையால் அள்ளி எடுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் அவ்வளவும் வடிகாலுக்குள்தான் போய் அடைக்கும். இரு ஓரங்களிலும் துளைகள் இருக்கும், சில கார்களில் அவற்றில் ரப்பர் நாக்குகள் பொருத்தியிருப்பார்கள். அந்த நாக்குகள் ஒட்டிக்கொள்வது வழக்கம். சுத்தம் செய்தபின் ஒரு குவளை நீரை ஊற்றினால் முன்சக்கரத்துக்குப் பின்னால் உடனே வடிய வேண்டும்.

இந்த இடம் அடைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். காருக்குள் காற்றை இழுக்கும் வாயும் அந்தப் பள்ளத்திலேயே இருக்கிறது. நீர்மட்டம் அதைத் தாண்டினால் ஏசி ஃபில்டரை நனைத்து, ஊதுவிசிறியின் மோட்டார் மேல் விழுந்து, முன் பயணியின் காலடிக்கு வருகிறது. ஃபில்டரை வெளியே எடுத்து அதில் நீர்க்கறை இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. கறை இருந்தால் கதவு ரப்பரைச் சந்தேகிக்கும் முன் இந்தப் பள்ளத்தைப் பாருங்கள்.

சன்ரூஃப் சட்டத்தின் வாய்க்காலிலிருந்து பெரும்பாலான கார்களில் நான்கு மூலைகளிலும் நான்கு குழாய்கள் இறங்குகின்றன. முன்னவை முன்தூண்கள் வழியாக, பின்னவை பின்தூண்கள் வழியாக. ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் நீரை மெல்ல ஊற்றி, அது எங்கே எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று பாருங்கள். முன்குழாய்கள் கதவுக் கீல் அருகிலோ முன்சக்கர வளைவிலோ திறக்கும். பின்குழாய்கள் பின்சக்கரப் பக்கம். தேங்கி நின்றால் புல் வெட்டும் எந்திரத்தின் தடித்த நைலான் இழை நல்ல கருவி. அதன் நுனியைத் தீயில் காட்டி உருண்டையாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழாயைக் கிழிக்கும். கம்ப்ரசர் வைத்துப் பலமாகக் காற்றடிப்பதை நான் அனுமதிப்பதில்லை. முதிர்ந்த ரப்பர் குழாய் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டால், அதுவரை வெளியே போகாமல் நின்ற நீர் அதன்பிறகு தூணுக்குள்ளேயே கொட்டும். சில கார்களில் அதற்கு நேர்கீழே ஃபியூஸ் பெட்டி இருக்கும். மேற்கூரைத் துணியின் மூலையில் பழுப்புக் கறை தெரிந்தால் குழாய் ஏற்கெனவே கழன்றிருக்கவும் கூடும். தூணின் உறையை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

கதவின் கதை வேறு. உட்புற அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள், கறுத்த பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கதவுக்குள் இறங்கும் நீரை உட்பக்கம் வரவிடாமல் கீழ்த்துளைகளுக்கு அனுப்புவது அதன் வேலை. பவர் விண்டோ மோட்டார் அல்லது ஸ்பீக்கர் மாற்றிய யாராவது அந்தத் தாளைக் கிழித்துவிட்டு அப்படியே மூடியிருப்பார்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கதவு வேலை நடந்த சில மாதங்களில் அந்தப் பக்கத் தரை நனையத் தொடங்கினால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ப்யூட்டில் நாடா (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) வாங்கித் திரும்ப ஒட்டினால் தீர்ந்தது. கதவைத் திறக்கும்போது உள்ளே நீர் சலசலத்தால் கீழ்விளிம்பின் துளைகளைக் குச்சியால் குத்திவிடுங்கள். கதவு ரப்பரையும் சோதித்துவிடலாம்: ஒரு காகிதக் கீற்றை வைத்துக் கதவை மூடி இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் ரப்பர் தட்டையாகிவிட்டது.

டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள், வருடத்தில் ஒருமுறையாவது. அந்தப் பள்ளத்தில் நிற்கும் நீர் பின்விளக்குகளின் கேஸ்கெட் (இடைவெளியை அடைக்கும் பட்டை), பின் பம்பருக்கு உள்ளே இருக்கும் காற்றுத் துவாரங்கள், ஆன்டெனாவின் அடி ரப்பர், கூரைத் தகடுகள் சேரும் மடிப்பு என்று எங்கிருந்தும் வந்திருக்கலாம். சந்தேகப்படும் மடிப்புகளின் உட்பக்கத்தில் டால்கம் பவுடரைத் தூவிவிட்டு வெளியே நீர் விட்டால், பவுடரில் விழும் கோடு நேராக வாசலைக் காட்டிக்கொடுக்கும்.

குழாய்ச் சோதனை

வடிகால்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஈரம் நிற்கவில்லையென்றால் இருவர் சேர்ந்து பார்க்க வேண்டும். கதவடிப் படியின் உறைகளைக் கழற்றி, தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கி, வெறும் தகடு தெரியும்படி வைத்துத் துணியால் நன்றாகத் துடையுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு, மற்றவர் வெளியே குழாயோடு. நீர் கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கதவின் அடிப்பகுதி, அடுத்துக் கண்ணாடி விளிம்பு, முன்கண்ணாடி, கடைசியில் கூரை. ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது மெதுவாக வழியவிடுங்கள். என் தம்பியிடம் குழாயைக் கொடுத்தால் முதல் வேலையாகக் கூரை மேல் பீய்ச்சுவான். கூரையில் விட்ட நீர் காரை முழுவதும் நனைத்துக்கொண்டுதான் இறங்கும். எந்த இடுக்கு உள்ளே விட்டது என்று பிறகு யார் சொல்வது? அரை நிமிடத்துக்கு ஒருமுறை "அக்கா, வருகிறதா?" என்று கேட்பான். பதில் சொல்லாமல் இருந்துவிடுவேன். தகட்டின் மேல் முதல் துளி ஊர்ந்து வருவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். பார்த்துவிட்டால் அதன் தடத்தைப் பின்பற்றி மேலே போகலாம்.

முன்கண்ணாடியின் விளிம்பில் அந்தத் துளி தோன்றினால் வெளியே பசை பூசி ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் யூரித்தேன் பசை விட்டிருக்கிறது, அல்லது அடியில் துரு ஏறியிருக்கிறது. கண்ணாடியை எடுத்துத் துருவைச் சுரண்டி மறுபடி ஒட்டுவதே வழி.

உலர்த்துவது

இதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். தரைவிரிப்பு தொட்டால் உலர்ந்திருக்கும். அதன் அடியில் தடித்த ஃபோம் இருக்கிறது, அது லிட்டர் கணக்கில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலையில் கண்ணாடிகள் உட்புறமாகப் பனித்திருந்தால் கசிவை அடைத்த பிறகும் ஃபோம் காயவில்லை என்று பொருள். கதவுகளைத் திறந்து வைப்பதால் அது காயாது. இருக்கைகளைக் கழற்றி, விரிப்பைத் தூக்கி, ஃபோமை வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டும். பூஞ்சை பிடித்திருந்தால் தூக்கி எறியுங்கள். எந்த வாசனைத் திரவியமும் அந்த நாற்றத்தை வெல்லாது.

இருக்கையின் அடியில் மஞ்சள் நிற இணைப்பான் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருங்கள். இணைப்பான் கழன்ற நிலையில் சாவியைப் போட்டுத் திருப்பாதீர்கள், எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கி, கார் கணினியின் கோளாறுப் பதிவைப் படிக்கும் ஸ்கேனர் வைத்து அழிக்கும்வரை அணையாது.

ஈரம் கொண்டுவரும் மின்கோளாறுகள்

மழை நாளில் தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, காரணமின்றி எரியும் ஏர்பேக் விளக்கு, இரண்டு நாள் நிறுத்தினால் செத்துப்போகும் பேட்டரி. இவற்றைத் தனித்தனி நோயாக எண்ணித் தனித்தனி உதிரி வாங்குபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தரைவிரிப்புக்கு அடியில் கம்பிக் கற்றைகள் ஓடுகின்றன, சில கார்களில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளே அங்கேதான் இருக்கின்றன. இணைப்பான்களைப் பிரித்துப் பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று பார்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துவிட்டு, அதன்பிறகு உதிரிகளைச் சந்தேகியுங்கள்.

பேட்டரியையும் வயர்களையும் சோதிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர் அளக்கும் கருவி) போதும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரின் பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 ஏறக்குறையப் பாதி, 12-க்குக் கீழே கிட்டத்தட்டக் காலி. என்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் காட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் நலம். புதிய கார்களில் கணினி இதை ஏற்றி இறக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். பேட்டரி நலமாக இருந்தும் செல்ஃப் சோம்பினால், பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உலோகத்துக்கும் மீட்டர் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறது. பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிவது பின்விளக்கின் எர்த் கெட்டதற்கு அடையாளம். பல்பை மாற்றிப் பயனில்லை.

பேட்டரி தானாக இறங்கினால் நெகட்டிவ் முனைக்கும் அதன் வயருக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்து, காரைப் பூட்டி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருங்கள். கணினிகள் உறங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்தச் சுற்றில் கள்வன் இருக்கிறான். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஈரமான காலையில் என்ஜின் உதறுகிறதா? ஸ்கேனரில் பி0301 என்ற கோளாறுக் குறியீடு வந்தால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை, பி0302 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலைத் தூக்கி, ஸ்பார்க் பிளக் குழிக்குள் பாருங்கள். எண்ணெய் நின்றால் வால்வு கவர் கேஸ்கெட். தண்ணீர் நின்றால் முன்கண்ணாடிப் பள்ளம் வழிந்திருக்கிறது, அல்லது யாரோ என்ஜினைக் குழாயால் கழுவியிருக்கிறார்கள். செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓட்டுவதை நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதை எரித்துவிடும்.

வெளியே போகும் தண்ணீர்

கூலண்ட் குறைகிறது என்றால் சோதனை குளிர்ந்த என்ஜினில்தான். சூடான நிலையில் உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் இருக்கும். மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் உலோகமும் சேரும் இடம், ஹோஸ் முனைகள், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகிய இடங்களில் வெள்ளையாகவோ சாயம் ஏறியோ உப்புப் படிந்திருந்தால் அங்கேதான் கசிவு. கண்ணுக்குத் தெரியாவிட்டால் அழுத்தச் சோதனைக் கைப்பம்பு வைத்துப் பார்க்கலாம். கசிவு நிற்கும் என்று விற்கும் பொடிகளுக்கும் சிலிக்கான் ட்யூபுக்கும் என் வீட்டில் ஒரே மரியாதைதான். அந்தப் பொடிகள் ஹீட்டர் காயிலையும் சேர்த்து அடைத்துவிடும்.

நெரிசலில் மட்டும் சூடேறி, வேகமாகப் போனால் இறங்கும் கார் விசிறியைக் காட்டுகிறது: ஏசியைப் போட்டால் ரேடியேட்டர் விசிறி சுழல வேண்டும், சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். நெரிசலில் சும்மா இருந்து, வேகத்தில் சூடேறினால் கூலண்ட் போதவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைப்பு, முழுதாகத் திறக்காத தெர்மோஸ்டாட் (கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), தேய்ந்த பம்ப். டேஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் எப்போதுமே நடுவுக்கு வராவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது, பெட்ரோலும் கூடச் செலவாகும். வெளியே எங்கும் தடமில்லாமல் அளவு குறைந்து, கூலண்ட் டேங்கில் குமிழிகள் வந்து, சூடான பிறகும் வெண்புகை விட்டால் என்ஜினின் ஹெட் கேஸ்கெட்டை மாற்றத் தயாராகுங்கள். எண்ணெய் மூடியின் அடியில் கொஞ்சம் வெண்நுரை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் காரில் அது வெறும் ஈரப்பதமாக இருக்கலாம். கூலண்டை நிறம் பார்த்துச் சேர்க்காதீர்கள், கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள்.

சத்தங்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி ஓட்டும்போது டக் டக் என்றால் சிவி ஜாயின்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டு), வேகத்தோடு கூடும் முழக்கம் வீல் பேரிங், ஈரக் காலையில் கீச்சிட்டுப் பிறகு அடங்கினால் பெல்ட்.

கடைசியாக ஒன்று. ஓட்டுநரின் காலடியில், பெடல்களுக்கு மேலிருந்து எண்ணெய்போல ஏதாவது இறங்கினால் அது மழையல்ல. பிரேக் அல்லது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் பின்பக்கமாகக் கசிகிறது. பானட்டைத் திறந்து பிரேக் எண்ணெயின் அளவைப் பாருங்கள். பெயிண்டில் சிந்தினால் அரித்துவிடும், உடனே நீர் விட்டுக் கழுவுங்கள். அளவு இறங்கியிருந்தாலோ, மிதித்த பிரேக் பெடல் மெல்லக் கீழே அமிழ்ந்தாலோ காரைப் பட்டறைவரை மெதுவாக ஓட்டிப்போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.